டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறாரா? கடலூர் வீடு ஒன்றிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

என் தம்பிக்கு 18 வயதில் சிறப்புப் பள்ளி முடிந்தது. அதுவரை தினமும் காலை எட்டு மணிக்கு வேனுக்காக வாசலில் போய் நிற்பான். அதற்கப்புறம் நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கூடத்தில் டிவிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் ஸ்டூல், அதன் மேல் தட்டு, தண்ணீர்ச் சொம்பு, ரிமோட். எல்லாவற்றையும் நாங்களே கொண்டுவந்து வைத்தோம். "பாவம், பிள்ளை உட்காரட்டும்" என்பார் அம்மா. எனக்கும் அது சரியாகவே பட்டது. இரண்டு வருடத்தில் 14 கிலோ எடை கூடியது. மாடிப்படி ஏறும்போது பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தம்பிக்கு இப்போது 27 வயது. நான் மருத்துவர் இல்லை, அவனுடைய அக்கா. மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டும் சொன்னதை மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் செய்து பார்த்து, எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருக்கும் குடும்பங்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சோம்பல் என்று சொல்லாதீர்கள்

உடற்பயிற்சி செய்யாமல் இருப்பது ஒன்று, உட்கார்ந்தே இருப்பது வேறொன்று. காலையில் அரை மணி நேரம் நடந்துவிட்டு மீதி நாளில் பத்து மணி நேரம் நாற்காலியில் இருப்பவர்களும் உண்டு. விழித்திருக்கும்போது உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ கழியும் நேரத்தை மருத்துவத்தில் தனியாகக் கணக்கிடுகிறார்கள். தூக்கம் அதில் சேராது. அப்படி அசையாமல் இருக்கும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையையும் கொழுப்பையும் கால் தசைகள் எடுத்துக்கொள்வது குறைந்துவிடுகிறது.

டவுன் சிண்ட்ரோமில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருக்கிறது. அதனால் பிறப்பிலிருந்தே தசைகள் தளர்வாக இருக்கும். மூட்டுகளைக் கட்டிப்பிடிக்கும் நார்களும் நெகிழ்ந்திருக்கும், பாதம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். நாம் யோசிக்காமல் நடக்கும் தூரத்துக்கு அவர்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அதோடு, உழைக்கும்போது இதயத் துடிப்பு நம் அளவுக்கு ஏறாது. உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 30 வரை குறைவாக இருக்கலாம். சீக்கிரம் களைத்துப்போவது இதனால்தான். "சோம்பேறிப் பயல்" என்று உறவுக்காரர்கள் சிரிக்கும்போது எனக்கு மனசு வலிக்கும். மலையேறுபவரை மூச்சு வாங்காதே என்று சொல்வது போன்றது அது.

உட்கார்ந்தே இருப்பதால் வரும் கேடுகள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வரும். எடை கூடினால் தூக்கத்தில் மூச்சு அடைபடுவது அதிகமாகும். இரவுத் தூக்கம் கெட்டால் பகலில் தூங்கி வழிவார், இன்னும் அதிகமாக உட்காருவார். இயல்பாகவே அடர்த்தி குறைந்த எலும்பு, பாரம் தாங்காமல் இன்னும் மெலியும். சர்க்கரை நோய்க்கான வாய்ப்பும் ஏறும். ரத்தக் கொதிப்பு இவர்களிடம் மற்றவர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. அதனால் "பிபி நார்மல்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

படி 1: முதலில் மருத்துவரிடம் போங்கள்

இதைத் தாண்டிப் போக வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். சில சமயம் உட்கார்ந்தே இருப்பது பழக்கமாக இருக்காது, நோயின் அறிகுறியாக இருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. தம்பி நாள் முழுக்க மந்தமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் தைராய்டு. ரத்தப் பரிசோதனை செய்து ஆறு வருடம் ஆகியிருந்தது என்பதே எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை தைராய்டு பார்க்க வேண்டும். ஒருமுறை சரியாக இருந்தது என்பது அடுத்த வருடத்துக்குச் செல்லாது.

இதயம் அடுத்தது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். குழந்தைப் பருவத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் பழைய கோப்பை எடுத்துக்கொண்டு போய், எவ்வளவு உழைக்கலாம், எதைச் செய்யக் கூடாது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்ததே இல்லை என்றால் இப்போதாவது எடுத்துவிடுங்கள்.

கழுத்தைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கழுத்தின் மேல்பகுதியில் இருக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள நார் தளர்ந்திருந்தால், எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்தலாம். அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைகளுக்கு வழக்கமாக எக்ஸ்ரே எடுக்கும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்வதில்லை. ஆனால் கழுத்து வலி, தலை ஒரு பக்கமாகச் சாய்வது, நடை திடீரென்று தடுமாறுவது, கை கால் பலம் குறைவது, அடங்கியிருந்த சிறுநீரோ மலமோ மறுபடி அடங்காமல் போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எல்லா அசைவையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உறவினர் சொன்னார் என்று கழுத்தில் எண்ணெய் தடவி நீவிவிட வேண்டாம்.

தூக்கம்: இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் தொல்லை உண்டு. குறட்டை, வாயைத் திறந்தபடி தூங்குவது, உட்கார்ந்து முன்னால் குனிந்த நிலையில் தூங்குவது ஆகியவை அடையாளங்கள். இரவில் கைபேசியில் பத்து நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நாம் வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் பேசும். கண்ணும் காதும் பார்த்துவிடுங்கள். படி சரியாகத் தெரியாதவர் படி இறங்க மாட்டார், அதை நாம் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வோம்.

கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையில் தொடங்கலாம். பல துறைகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் நம் பகுதிக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர்தான். காலையில் சீக்கிரம் கிளம்பி, சாப்பாடும் தண்ணீரும் பிடித்த ஒரு பொருளும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே காத்திருக்கும் நேரத்திலும் அரை மணிக்கு ஒருமுறை தாழ்வாரத்தில் ஒரு சுற்று நடக்கச் செய்யலாம்.

படி 2: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றன்று கிழிக்கும் தாள் போதும். அதன் பின்பக்கத்தில் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு பகுதி பிரித்து, தொடர்ந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒரே சொல்லில் குறியுங்கள்: டிவி, போன், சாப்பாடு, சும்மா.

எங்கள் தாள்களில் "சும்மா" என்ற சொல்தான் அதிகம் இருந்தது. டிவி அவனை உட்கார வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை டிவி அணைந்திருந்தபோதும் அவன் அதே நாற்காலியில்தான் இருந்தான். எழுந்து போக அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. அந்த வயதில் மற்ற பையன்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் டீக்கடைக்கும் போகிறார்கள். இவனுக்குப் போக இடமில்லை, செய்ய வேலையில்லை, தேடி வரும் நண்பன் இல்லை. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் நாங்கள் செய்தது எதுவும் பலிக்கத் தொடங்கியது.

படி 3: உடற்பயிற்சிக்கு முன்னால் வேலை கொடுங்கள்

பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். முதல் நாளே ஒரு மணி நேர நடை என்று கூட்டிப்போய், மூன்றாம் நாள் பிள்ளை தரையில் உட்கார்ந்துகொண்டு வர மறுக்கும். என் அனுபவத்தில் முதல் மாதம் நடையே வேண்டாம். நீண்ட உட்காருதலை உடைத்தால் போதும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் அசைய வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு வீட்டை லேசாக மாற்றுங்கள். ஸ்டூலை எடுத்துவிடுங்கள். தண்ணீர் சமையலறையில் இருக்கட்டும். ரிமோட்டுக்கு அலமாரியில் ஓர் இடம். கைபேசி சார்ஜர் வேறு அறையில். அப்புறம், வீட்டில் உண்மையாகவே தேவைப்படும் வேலைகளை அவருடையது என்று ஒப்படையுங்கள். என் தம்பியின் வேலைகள் இவை: காலையில் வாசலிலிருந்து பால் பாக்கெட் எடுத்து வருவது, மோட்டார் சுவிட்ச் போடுவது, தொட்டி நிரம்பியதா என்று மாடிக்குப் போய்ப் பார்ப்பது, சாமி படத்துக்குப் பூ வைப்பது, கொல்லையிலிருந்து கறிவேப்பிலை பறித்து வருவது, சாயங்காலம் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிப்பது. தொட்டி பார்க்கும் வேலை ஒன்றே ஒரு நாளைக்கு நான்கு முறை மாடி ஏறி இறங்க வைக்கிறது.

அவர் செய்யும் வேலையை அவருக்கு முன்னால் திருத்திச் செய்யாதீர்கள். துணி கோணலாக மடிந்திருந்தால் கோணலாகவே அலமாரிக்குள் போகட்டும். இதில் அம்மாவை ஒத்துக்கொள்ள வைக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆனது.

சொல்லும் விதத்தில் பாதி வெற்றி இருக்கிறது. "எழுந்திரு, எவ்வளவு நேரம் உட்காருவே" என்றால் இன்னும் அழுத்தமாக உட்காருவான். "வாடா தம்பி, மோட்டார் போட்டுட்டு வரலாம்" என்றால் எழுந்துவிடுவான். காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது இவர்கள் பலருக்கு மனதில் நன்றாக நிற்கும். அதனால் அன்றைய வேலைகளைப் படமாக வரைந்தோ போட்டோவாகவோ வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். முடித்ததை அவரே திருப்பி வைக்கட்டும். ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது அவர்களுக்குச் சிரமம். பாட்டு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். பாதியில் டிவியை அணைத்து இழுக்காதீர்கள். வழக்கமாகிவிட்டால் அவர்கள் அதை விடமாட்டார்கள். ஒரே மாதிரி செய்யும் அந்தப் பிடிவாதம் இங்கே நமக்கு வரம்.

படி 4: வீட்டுக்கு வெளியே

ஒரு மாதம் கழித்து நடையைத் தொடங்கலாம். முதலில் செருப்பு. தட்டைப் பாதத்துக்கு ரப்பர் செருப்பு ஆகாது. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் ஷூ வேண்டும். தேவைப்பட்டால் உள்ளே வைக்கும் பட்டையைப் பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துச் சொல்வார்.

எங்கள் ஊரில் எல்லோரும் சில்வர் பீச்சுக்குத்தான் கூட்டிப்போவார்கள். ஆனால் தளர்ந்த கணுக்கால் உள்ளவருக்கு உதிரி மணல் மிகவும் கடினம், பத்து அடியில் களைத்துவிடுவார். மஞ்சக்குப்பம் மைதானம் மாதிரி சமதரையில் தொடங்குங்கள். நடை பழகிய பிறகு தேவனாம்பட்டினத்துக் கடலோரம் அலை நனைத்த இறுகிய மணலில் கொஞ்ச தூரம் நடக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகள் வராது. ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் சமதரை, உட்கார இடம், கூடவே வேடிக்கை பார்க்க மனிதர்கள். லாஸ்பேட்டையில் இருப்பவர்கள் அங்கே நடப்பவர்கள் கூடும் மைதானத்துக்கே போகலாம். கத்திரி வெயில் காலத்தில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள்.

முதல் வாரம் பத்து நிமிடம். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். 220இலிருந்து வயதைக் கழித்து இதயத் துடிப்புக்கு இலக்கு வைக்கும் கணக்கும், கைக்கடிகாரம் காட்டும் இலக்கும் இவர்களுக்குப் பொருந்தாது என்பதை மறக்காதீர்கள். பேச்சை அளவாக வையுங்கள். நடந்துகொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் சரியான வேகம். ஒரு சொல் பேசவும் மூச்சு வாங்கினால் அதிகம். உதடு நீலமாக மாறினாலோ நெஞ்சைப் பிடித்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். வலியைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் இவர்களில் நிறைய. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள், ஷூ கடித்திருக்கும், சொல்லியிருக்க மாட்டார்.

நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு தளர்வானது, விலகிவிடும். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். களைப்பா, பயமா, நாயா, ஷூவா என்று பாருங்கள். இரண்டு நிமிடம் கழித்து, "அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போலாமா?" என்று கேளுங்கள். சுற்றி நிற்பவர்கள் பார்ப்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அளவு சொல்லியிருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம். கூடவே உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். எதுவுமே இல்லாததைவிடக் கொஞ்சமாவது நல்லது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் 150ஐத் தொட ஒன்றரை வருடம் ஆனது.

படி 5: தசைக்குப் பலம்

மூட்டைத் தாங்க நார் போதாதபோது தசைதான் தாங்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஐந்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி நிற்பது, தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டிலைத் தூக்குவது. அவனை உட்கார வைத்த அதே நாற்காலியில்தான் என் தம்பி இன்று பன்னிரண்டு முறை எழுந்து உட்காருகிறான்.

யோகா பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "பிள்ளை ரப்பர் மாதிரி வளையுது" என்று பயிற்சியாளர்கள் மகிழ்ந்து மேடையில் காட்டுவார்கள். அது திறமை இல்லை, மூட்டுத் தளர்வு. இன்னும் வளைத்தால் இன்னும் தளரும். சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், குட்டிக்கரணம் எல்லாம் கழுத்துக்கு ஆபத்து, வேண்டவே வேண்டாம். நின்று செய்யும் எளிய ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் போதும்.

படி 6: மழைக்காலத்துக்கு முன்பே திட்டம்

ஐப்பசி, கார்த்திகையில் நம் பகுதியில் வாரக்கணக்கில் வெளியே போக முடியாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தெருவெல்லாம் தண்ணீர், மின்சாரம் இல்லை. ஆறு மாதம் சேர்த்த பழக்கம் பத்து நாளில் கலைந்தது. அடுத்த வருடத்திலிருந்து மழைக்காலத்துக்குத் தனியாகப் பட அட்டை வைத்திருக்கிறோம்: கூடத்தில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம், காலையிலும் மாலையிலும் பிடித்த மூன்று பாட்டுக்கு ஆட்டம், படியில் பத்து முறை. அவன் ஆட, நாங்களும் ஆட வேண்டும். தனியாக ஆடச் சொல்லிவிட்டு நாம் கட்டிலில் படுத்திருந்தால் இரண்டே நாளில் நிறுத்திவிடுவான்.

சாப்பாடு பற்றி ஒரு சொல்

எடுத்துக்கொடுத்துப் பழகிய வீட்டில் டிவியும் மிக்சர் தட்டும் சேர்ந்தே வரும். நாற்காலியில் சாப்பிடுவதை மட்டும் நிறுத்துங்கள், சாப்பாடு தரையில் பந்தியில் இருக்கட்டும். நடந்ததற்குப் பரிசாகப் பேக்கரிக்குக் கூட்டிப்போகாதீர்கள். அவர் விரும்பும் சித்தப்பா வீட்டுக்குப் போவதைப் பரிசாக்குங்கள்.

குழந்தை சிறியதென்றால்

இப்போதே தொடங்க முடிகிற பெற்றோர் பாக்கியசாலிகள். சக்கரம் வைத்த வாக்கரை வாங்காதீர்கள். பாய் விரித்துத் தரையில் விடுங்கள், விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து குப்புறப் போடுங்கள். இவர்கள் நடக்க ஏறக்குறைய இரண்டு வயது ஆகும், அதற்குப் பிறகும் ஆகலாம். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பிசியோதெரபி கிடைக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். 8 முதல் 15 வயதுள்ள டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு இரு சக்கர சைக்கிள் கற்றுக்கொடுத்த ஓர் அமெரிக்க ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் ஒரு வருடம் கழித்தும், கற்காதவர்களைவிட உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைத்திருந்தார்கள்.

வயது முப்பத்தைந்தைத் தாண்டியவர் திடீரென்று அடங்கிப்போனால்

நன்றாக நடந்துகொண்டிருந்தவர் சில மாதங்களில் உட்கார்ந்துவிட்டால், "இந்த நோயே அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு, மன அழுத்தம், தூக்க மூச்சடைப்பு, காது கேளாமை, முட்டி வலி, கழுத்து எலும்பு எல்லாம் பார்க்க வேண்டும். அல்சைமர் இவர்களுக்குச் சீக்கிரமே வரக்கூடியது உண்மைதான். ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்களை எல்லாம் பார்த்து முடித்த பிறகே அதைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டில் ஒரு சாவு, அண்ணன் திருமணமாகித் தனியாகப் போனது, இதுகூட காரணமாக இருக்கும். துக்கத்தை அவர்கள் சொல்லமாட்டார்கள், உட்கார்ந்துவிடுவார்கள்.

காகித வேலை

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடும் எடுத்து வையுங்கள். நிராமயாவில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு உண்டு, தெரபியும் அதில் சேரும்.

படி 7: அளப்பதும், விட்டுப்போனால் மீண்டும் தொடங்குவதும்

எடையை வாராவாரம் பார்க்காதீர்கள், மனம் உடைந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடுப்புச் சுற்றளவை ஒரு நூலால் அளந்து, தேதி எழுதிய காகிதத்தில் சுற்றி வையுங்கள். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். காலண்டர் தாளின் கோடுகளை மறுபடி ஒரு வாரம் எண்ணுங்கள். எங்களுக்கு முதல் வருடம் எடை மூன்று கிலோதான் இறங்கியது. ஆனால் கோடுகள் பாதியாகியிருந்தன, மாடியில் நடுவழியில் நிற்பது இல்லை.

காய்ச்சல் வந்தால், ஊருக்குப் போனால், பொங்கல் முடிந்தால் எல்லாம் விட்டுப்போகும். எத்தனையோ முறை எங்களுக்கு விட்டுப்போயிருக்கிறது. காய்ச்சல் நின்று இரண்டு நாள் கழித்து, முன்பு செய்ததில் பாதியிலிருந்து தொடங்குங்கள். நடையை உடனே கொண்டுவராதீர்கள். முதலில் பால் பாக்கெட், அடுத்து மோட்டார், அப்புறம் மாடி. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்திருந்தேன். ஆறாம் நாள் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் என் செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான் தம்பி. அன்றைக்குத் தெருமுனை வரைக்கும்தான் போனோம்.